அந்த ஒரு நாளை மறுபடியும் சொல்லட்டுமே!

"நைனா! இந்தக் கதையை இதோட நூறு தடவை சொல்லிட்டீங்க!"

கொஞ்ச வருடங்களுக்கு முன்புவரை எங்கள் வீட்டில் நான் அடிக்கடி சொன்ன வசனம் இது. வடசென்னையில் பல வீடுகளில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். என் அப்பாவுக்கு இப்போது 84 வயது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் 36 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். அவர் சொல்கிற கதை எப்போதும் ஒன்றுதான். 1974-ஆம் வருடத்து ஆயுத பூஜை!

"அன்னிக்குக் காலையில சங்கு ஊதல..." என்றுதான் ஆரம்பிப்பார்.

மற்ற நாட்களில் ஷிப்டுக்குச் சங்கு ஊதும். அந்தச் சங்கு சத்தத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் கேட் திறக்கும். முதல் நாளே மெஷின்களை மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் வைத்துத் துடைத்து, கலர் பேப்பர் ஒட்டி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து அமர்க்களமாக இருக்கும். அப்பா தன்னுடைய மெஷினுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, "இதுதாம்மா நம்ம சோறு" என்று காட்டினார். எனக்கு அப்போது எட்டு வயது. கை நிறையப் பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்கெட். பூசணிக்காய் உடைத்ததும் அதில் இருந்த காசைப் பொறுக்க நாங்கள் ஓடினோம். சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்கு நடந்தே போனோம். இருட்டின பிறகு அப்பாவின் தோளில் தூங்கியபடி வீடு வந்து சேர்ந்தேன்.

அவ்வளவுதான் கதை. அதில் ஒரு திருப்பமும் கிடையாது. ஆனால் இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே... அதை டானிக் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

அந்த வெளிச்சத்தைத்தான் நான் 'நூறு தடவை' என்ற ஒரு வார்த்தையால் அணைத்துக் கொண்டிருந்தேன். இது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது அப்பாவின் உடல்நிலைதான். நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுப் பெரியவர்கள் தங்களுடைய பொன்னான நாளைத் திரும்பத் திரும்பச் சொல்வது தொணதொணப்பு அல்ல. அது அவர்கள் தங்களையே தாங்கிப் பிடித்துக் கொள்கிற கைத்தடி. அதைப் பிடுங்காதீர்கள்!

வியாதி என்றுதான் முதலில் நினைத்தார்கள்

பழைய நினைவில் மூழ்குவதை மருத்துவ உலகம் ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தது. 1688-இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்கிற ஸ்விட்சர்லாந்து மருத்துவ மாணவர், சொந்த ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. அவரைப் பொறுத்தவரை அது வைத்தியம் செய்ய வேண்டிய வியாதி.

கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து, 1963-இல், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் வேறு மாதிரி சொன்னார். வயதானவர்கள் பழசையே பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் அல்ல. வாழ்க்கைக் கணக்கை ஒரு தடவை சரிபார்த்துக் கொள்வது. அது இயல்பானது என்றார். அதற்குப் பிறகுதான் பழைய போட்டோ, பாட்டு, பொருட்களை வைத்துப் பெரியவர்களைப் பேச வைக்கும் சிகிச்சை முறைகள் பல நாடுகளில் வளர்ந்தன.

இதை மந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். மறதி நோய் உள்ளவர்களிடம் இந்த முறையைச் செய்து பார்த்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2018-இல் வெளிவந்தது. பலன் உண்டு, ஆனால் சின்ன அளவில்தான். செய்கிற விதத்தையும் இடத்தையும் பொறுத்து மாறுகிறது என்பதுதான் அதன் முடிவு. போன ஞாபகத்தை இது திருப்பிக் கொண்டு வராது. மருந்து, மாத்திரைக்குப் பதிலும் ஆகாது. ஆனால் செலவு இல்லை. வேண்டியது ஒரு நாற்காலியும் அரைமணி நேரமும்தான்.

ஏன் அந்தக் காலத்து நாட்களே வருகின்றன?

"காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்க?" என்றால் அப்பா விழிப்பார். 1974-இல் அம்மா கட்டியிருந்த புடவையின் பார்டர் கலரைச் சொல்வார்! இது எங்கள் வீட்டு அதிசயம் மட்டும் அல்ல.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்ற வருடங்களைவிட அதிகமாக வருகின்றன. இதை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை என்று 'முதல்'கள் எல்லாம் அந்த வயதில்தானே நடக்கின்றன! அப்பாவுக்கு 1974-இல் 33 வயது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பெண்டாட்டி பிள்ளையைத் தன் மெஷின் முன்னால் கொண்டு போய் நிறுத்தியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அல்சைமர் போன்ற மறதி நோயில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் நேற்று நடந்தது நிற்பதில்லை. பல தடவை அசைபோட்டுப் பதிந்த பழைய நினைவு அதிக நாள் தாக்குப் பிடிக்கிறது. வாசனைக்கும் இதில் பங்கு உண்டு. வாசனையை உணரும் நரம்புகள் உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கவனிக்கிற பகுதிகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டவை. அப்பாவுக்கு மண்ணெண்ணெய் வாசனை போதும், கதை தானாக ஓடும்.

அம்மாவுக்கு அது என்ன நாள்?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லாவிட்டால் நான் பாதிக் கதை சொன்னவள் ஆவேன்.

அம்மா 2015-இல் காலமானார். அதற்குச் சில வருடங்கள் முன்பு, அப்பா வழக்கம்போல ஆயுத பூஜைக் கதையை முடித்ததும், நான் விளையாட்டாகக் கேட்டேன். "உனக்கும் அதுதானேம்மா ரொம்ப சந்தோஷமான நாள்?"

அம்மா வெங்காயம் உரித்துக் கொண்டே சொன்னார்: "எனக்கு அன்னிக்குக் கால் வலிதான் ஞாபகம் இருக்கு."

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, வீட்டைக் கழுவி, இரண்டு பேர் பலகாரத்தோடு அப்பாவின் கூட்டாளிகளுக்கும் சேர்த்துச் சுண்டல் தாளித்து, என் தம்பியை இடுப்பில் வைத்துக் கொண்டு தொழிற்சாலை முழுக்க நடந்து, கடற்கரைக்கும் நடந்து, வீடு வந்து பாத்திரம் தேய்த்தவர் அம்மா. நான் அப்பாவின் தோளில் தூங்கிய அந்த நேரத்தில், தம்பி யார் தோளில் தூங்கினான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை!

"அப்போ உனக்கு எதும்மா நல்ல நாள்?" என்று கேட்டேன். அதுவரை அவரை யாருமே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. வெகுநேரம் யோசித்தார். பிறகு, என்னைப் பெற்றெடுத்த நாளைச் சொன்னார். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில்தான் நான் பிறந்தேன். "அங்க பத்து நாள் யாரும் என்னை எழுப்பல. ஆயா வந்து கஞ்சி குடுத்தாங்க. படுத்துக்கிட்டே குடிச்சேன். அந்தப் பத்து நாள்தான்."

படுத்துக் கொண்டே குடித்த கஞ்சி! ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அதுதான் பொன்னான நாள். கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். வீட்டு ஆண்கள் சொல்கிற இனிய நாள் கதையைக் கேட்கும்போது, அந்த நாளில் சமையலறையில் நின்றது யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். கதையைக் கெடுக்க இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இன்னொருவரும் வாய் திறக்கட்டும் என்பதற்காக.

பெண்ணுக்கு ஞாபகம் இருந்தது வேறு!

பெற்றவளாக எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. என் மகளுக்கு எட்டு வயதானபோது, 1999 மே மாத லீவில், அவளை வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குக் கூட்டிக் கொண்டு போனோம். என் கணவரின் ஓவர்டைம் பணம் மொத்தமும் அதில் கரைந்தது. சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்க அவள் என்னவெல்லாம் செய்தாள்! என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள் எது என்றால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

போன வருடம் அவளிடம் கேட்டேன். "உனக்கும் அதானேடி?"

"அதுவாம்மா? வெயில் மண்டையைப் பிளந்தது. வர்றப்ப பஸ்ஸுல வாந்தி எடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது, கரண்ட் போன ராத்திரிங்கதான். மொட்டை மாடியில பாய் போட்டு, நீ வெள்ளரிக்காய் நறுக்கித் தருவே. அப்பா, தாத்தா எல்லாம் படுத்துக்கிட்டுக் கப்பல் லைட்டை எண்ணுவோமே, அது!"

துறைமுகத்துக்கு உள்ளே போக முறை வரும்வரை கப்பல்கள் கடலில் வரிசையாக நிற்கும். அந்த விளக்குகளை எண்ணினோமாம். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை!

நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானமன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். மனசு ஒரு அனுபவத்தை நிமிடக் கணக்கில் சேமித்து வைப்பதில்லை. அதன் உச்சமான கணத்தையும் அது முடிந்த விதத்தையும் வைத்தே மொத்தத்துக்கும் மார்க் போடுகிறது. என் மகளுக்கு வி.ஜி.பி. வாந்தியில் முடிந்தது. மொட்டை மாடியோ அப்பா மடியில் தூக்கத்தில் முடிந்தது. பிள்ளைகளுக்கு 'நல்ல நினைவு' வாங்கித் தர வேண்டும் என்று கடன் வாங்கி டூர் போகிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். செலவழித்த பணம் அவர்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை. அவசரம் இல்லாமல் பக்கத்தில் படுத்திருந்தது நிற்கிறது.

ஊர் மாறினால் நினைவு என்ன ஆகும்?

2023 டிசம்பர் எங்களுக்குச் சோதனையான மாதம். புயலும் வெள்ளமும் வந்தன. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். டி.வி.யில் பார்த்த மகள் பெங்களூருவிலிருந்து பதறிப் போய் போன் செய்தாள். "இனிமே அங்க இருக்க வேணாம். தாத்தாவையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 80 வயது தாண்டிய நுரையீரல் விஷப் பரீட்சைக்கு ஏற்றது அல்ல. போனோம்.

மூன்றாவது வாரம் அப்பாவுக்கு ராத்திரி, பகல் தெரியவில்லை. விடிகாலையில் எழுந்து சட்டை போட்டுக் கொண்டு, "ஷிப்ட் பஸ் போயிடும்" என்று லிப்ட் வாசலில் நிற்பார். "இது பெங்களூர் நைனா" என்றால் கோபம் வரும். திருவொற்றியூரில் அவருக்கு ஞாபகம் வேண்டியிருக்கவில்லை. வடிவுடையம்மன் கோவில் கோபுரம், டீக்கடை, கடல் காற்று எல்லாமே அவருக்காக ஞாபகம் வைத்திருந்தன. இங்கே எல்லாவற்றையும் அவரே சுமக்க வேண்டியிருந்தது. முடியவில்லை.

சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்துவிட்டுத் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கே கண் பார்வை போயிற்று என்பது எங்கள் ஊர்க் கோவில் கதை. "நான் எந்த மூலை?" என்று அப்பா அதைச் சொல்லித்தான் சிரிப்பார். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஊரும் அந்த ஊராக இல்லையே! நாங்கள் அன்று நடந்து போன கடற்கரை மணல் இன்று பெரும்பாலும் கருங்கல் குவியல். துறைமுகத்துக்காகக் கடலில் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு மெரினா பெரிதானது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டது.  விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் 'விம்கோ நகர்' என்று மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறது. அப்பாவின் பொன்னான நாளுக்குத் திரும்பிப் போக, அவர் வாயில் உள்ள கதையைத் தவிர வேறு வழியே இல்லை.

எது மறதி, எது நோய்?

மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கிய ஊர் நம்முடையது. டாக்டர் வ.செ.நடராசன் அதற்கு முன்னோடி. அப்படியிருந்தும் "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, 'டிமென்ஷியா' இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

பழைய கதையைத் திரும்பச் சொல்வது மட்டும் நோய் இல்லை. ஆனால் ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி மறுபடி கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணத்தை எண்ண முடியாமல் திணறுவது, சுபாவமே மாறிப் போவது போன்றவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டு வரும். அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என 14 விஷயங்களைக் கவனித்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது 2024-இல் வெளிவந்த 'லான்செட்' குழு அறிக்கை. அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிய பிறகு, அவர் கதை சொல்வது மட்டும் இல்லை, கேட்கவும் ஆரம்பித்தார்.

எங்களுக்கு டாக்டர் சொன்ன யோசனைகள் எளிமையானவை. வருடம், தேதி தப்பானால் திருத்தாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதற்குப் பதில், போட்டோவையோ பொருளையோ கையில் கொடுத்து, "இது என்னன்னு சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். துக்கமான நினைவு வந்தால் பேச்சை வெட்டாமல் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். நினைவு அவரைக் கலங்கடித்துக் கொண்டே இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நாளைத் தூக்கிக் கொண்டு போனோம்

இப்போது நாங்கள் வருடத்தில் பாதி திருவொற்றியூரில், மழைக்காலம் முழுக்க பெங்களூருவில் இருக்கிறோம். இதுதான் சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. காற்றுக்கும் ஞாபகத்துக்கும் நடுவில் எங்களால் முடிந்த பேரம் இது. காற்று சுத்தமாக இருந்தால் எந்த மகளும் தாத்தாவை ஊரை விட்டுக் கிளப்ப மாட்டாள். அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும்.

போன ஆயுத பூஜை பெங்களூரு பிளாட்டில்தான். கிளம்பும்போதே அப்பாவின் பழைய டூல் பாக்ஸை மூட்டை கட்டிக் கொண்டு போனேன். ஸ்பானர், அரம், சுத்தியல், பித்தளை மூடி போட்ட ஒரு எண்ணெய்க் குப்பி. முதல் நாள் மாலை காட்டன் வேஸ்ட்டும் ஒரு மூடி மண்ணெண்ணெயும் அவர் முன்னால் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். கை நடுங்கியது, ஆனால் எந்த ஸ்பானர் எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் சுண்டல் தாளித்தது என் மருமகன். பாத்திரம் தேய்த்தது என் கணவர். நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்காக அந்த ஒரு ஏற்பாட்டை நான் பிடிவாதமாகச் செய்தேன்.

பொரியை வாயில் போட்டுக் கொண்டு அப்பா ஆரம்பித்தார். "அன்னிக்குக் காலையில சங்கு ஊதல..."

"அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்றாள் மகள், முதல் தடவை கேட்பது போல.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் கேள்விக்காகக் காத்துக் கொண்டிருப்பார். இன்று சாயங்காலமே கேளுங்கள். அப்படியே அடுப்படிப் பக்கமும் போய், "உனக்கு எதும்மா நல்ல நாள்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள்.